செவலைக்கு என்ன ஆச்சு

எங்கள் வண்டியில் யாரும் அந்த அக்காவிடம் "நான் இளைச்சுட்டேனா?" என்று கேட்க மாட்டோம். வர ஆரம்பித்து ஒன்றிரண்டு மாதமே ஆன பெண் யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அக்கா கேட்டவளை நிதானமாகப் பார்ப்பார். "இல்ல. போன மாசத்துக்கு இப்ப கூடத்தான் இருக்கே. தாடைக்குக் கீழ பாரு" என்பார். குரலில் கேலியும் இருக்காது, குத்தலும் இருக்காது. கேட்டாய், சொல்லிவிட்டேன் என்பதோடு முடிந்துவிடும்.

கம்பத்திலிருந்து தேனிக்குக் காலையில் போகிற பஸ் அது. வேலைக்குப் போகிற பெண்கள் கொஞ்சப் பேர் தினமும் அதில்தான் போவோம். அக்கா அனுமந்தன்பட்டியில் ஏறுவார். நான் உத்தமபாளையத்தில் ஏறுவேன். எனக்குத் தேனியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை. அவருக்கு ஒரு தனியார் லேபில் ரத்தம் சோதிக்கிற வேலை. அதனால் வண்டியில் அவருக்கு 'லேபுக்காரி' என்று பெயர் விழுந்திருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கழுத்தில் மெல்லிய செயினில் ஒரு சிலுவை, கஞ்சி போட்ட காட்டன் சேலை, தோளில் கனமான பை. பைக்குள் சாப்பாட்டு டப்பாவைவிடப் பெரிதாக ஒரு புத்தகம் எப்போதும் இருக்கும்.

லேபில் ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர்கள் உடனே போக மாட்டார்கள். கொடுத்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மற்றவர்கள் "டாக்டர் சொல்லுவாக" என்று நழுவிவிடுவார்கள். அக்காவுக்கு அது வராது. ஒரு முறை கம்பத்தைச் சேர்ந்த வியாபாரி ஒருவரின் மகன்கள் முன்கூட்டியே வந்து, அப்பாவிடம் எதையும் சொல்லிவிட வேண்டாம் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டார்களாம். பின்னாலேயே வந்த அந்தப் பெரியவர் அக்காவைப் பார்த்து, நல்லாயிருக்கா என்று கேட்டிருக்கிறார். நல்லா இல்லை, இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், நாளைக்கென்று தள்ளாதீர்கள் என்று அக்கா சொல்லிவிட்டார். மகன்கள் சத்தம் போட்டார்கள். லேப் முதலாளி கூப்பிட்டுக் கண்டித்தார். மறுநாள் வண்டியில் இதைச் சொன்னபோது அக்கா யார்மேலும் குறைபட்டுக்கொள்ளவில்லை. "கேட்டது அந்த மனுசன். பதிலு அந்த மனுசனுக்குத்தான் போகணும்" என்றார்.

அக்காவுடைய சொந்த அப்பாவின் ரத்தத்தையும் அவர்தான் சோதித்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. முடிவைப் பார்த்த அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அண்ணன்கள் இருவரும் அதற்குப் பிறகு அவரோடு சரியாகப் பேசுவதில்லை. அப்பா சில நாள் கழித்து, என்னை மேகமலைக்குக் கூட்டிக்கொண்டு போ என்றாராம். பிறந்ததிலிருந்து கீழே நின்று பார்த்த மலை. ஒரு நாளும் ஏறியதில்லை. அக்கா லீவு போட்டுச் சின்னமனூர் வழியாக அவரை மேலே கூட்டிப் போனார். குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கேட்டுக் கேட்டு டீ குடித்தாராம். "தெரியலன்னா போயிருக்க மாட்டாரு" என்று மட்டும் அக்கா என்னிடம் சொன்னார். தான் செய்தது சரி என்று அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அக்காவின் பையில் வருகிற அந்தத் தடிப் புத்தகங்கள் அவருடைய சித்தி மகள் விட்டுப் போனவை. அந்தப் பெண் வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறாள். லீவுக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது சுமக்க முடியாமல் இங்கேயே விட்டுவிட்டாள். எல்லாம் ஒரே கதையின் அடுத்தடுத்த பாகங்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும் பனிமலைக்கு மேலே சிறகை விரித்து ஒரு டிராகன். அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் கேட்க ஆரம்பித்தார்கள். என்ன இது, உடும்புக்கு ரெக்கை முளைத்த மாதிரி இருக்கிறதே என்று ஒருத்தி கேட்டாள். அக்கா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். அதன்பின் வண்டியில் அவர் படிக்கவே இல்லை. வீட்டில் படித்துவிட்டு வந்து வண்டியில் சொல்லுவார்.

பனி விழுகிற தேசத்தில் எந்தக் காலத்திலோ இரண்டு ராஜாக்களுக்குள் நடந்த சண்டை. சண்டை சரித்திரத்தில் உள்ளது. எழுதியவர் அதற்குள் டிராகன்களைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். பீரங்கி இழுக்கிற டிராகன்கள், சேதி கொண்டுபோகிற டிராகன்கள், அடிபட்ட சிப்பாய்களை முதுகில் கட்டிக்கொண்டு மலையைத் தாண்டுகிற டிராகன்கள். கடைசி வகையில் ஒன்றுதான் கதையின் நாயகன். புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர். செம்புத் தகடு மாதிரி நிறம் என்று அக்கா சொன்னதும், பின்சீட்டுப் பெண், அப்படியென்றால் செவலை என்றே சொல்லிவிட்டுப் போங்கள் என்றாள். மாட்டுக்கு வைக்கிற பெயர் டிராகனுக்கும் பொருந்திவிட்டது.

கதை சொல்லும்போதும் அக்காவின் சுபாவம் மாறாது. சுவாரஸ்யமான இடத்தில் சட்டென்று நிறுத்தி, இந்தப் பாலத்தை உடைத்தது நிஜமாக நடந்தது, செவலை அதற்குமேல் பறந்தது எழுதினவர் சேர்த்தது என்று பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். எங்களுக்கு எரிச்சலாக வரும். இப்படிப் பொய்யென்று தெரிந்தும் ஏன் படிக்கிறாய் என்று ஒரு நாள் யாரோ கேட்டார்கள்.

"பொய்யின்னு மொதல்லயே சொல்லிட்டுத்தான் அந்த மனுசன் எழுதுறாரு. அதுல ஏமாத்து இல்ல" என்றார் அக்கா. "நான் கூட்டியும் சொல்ல மாட்டேன், கொறச்சும் சொல்ல மாட்டேன். அதுல உள்ளபடி சொல்லுவேன்."

இதைக் கேட்டுப் பெரிதாகத் தலையை ஆட்டியவர் சின்னமனூரில் ஏறுகிற அம்மா. வீரபாண்டி தாண்டி ஒரு நூல் மில்லில், சாப்பாட்டுக்கூடத்தில் அவருக்கு வேலை. ஐம்பதைக் கடந்தவர். புருஷன் இல்லை. ஒரே மகன் பட்டாளத்தில் இருக்கிறான். வடக்கே எங்கோ மலைப் பகுதியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். அவர் ஏறியதும் அக்காவுக்குப் பக்கத்து இடத்தை யாராவது எழுந்து கொடுத்துவிடுவோம். செவலை அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு மலை தாண்டும் இடம் வந்தால் அந்த அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அதற்கு யார் தீனி போடுகிறார்கள், குளிருக்கு எங்கே படுக்கும் என்றெல்லாம் கேட்பார். புத்தகத்தில் இருந்தால் அக்கா சொல்லுவார். இல்லாவிட்டால், அதை எழுதவில்லை என்று சொல்லிவிடுவார்.

நாலாவது பாகம் நடந்துகொண்டிருந்தபோது எல்லையில் நிலைமை கெட்டது. சண்டை வந்துவிடும் என்று டிவியில் ராப்பகலாகக் கத்தினார்கள். செல்போனில் எங்கேயோ எப்போதோ எடுத்த படங்களையெல்லாம் அனுப்பினார்கள். மகனிடமிருந்து போன் வருவது நின்றது. அந்த அம்மா டிவியை அணைத்துத் துணியைப் போட்டு மூடிவிட்டார். தமிழ்ப் பேப்பரிலும் அதே கத்தல்தான் என்று அதையும் எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அக்காவிடம், "ஆத்தா, நீ இங்கிலீசுப் பேப்பரு படிச்சு எனக்கு உள்ளதச் சொல்லு. ஒன்னத்தவிர எவ சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்" என்று கேட்டார்.

அக்கா அன்றிலிருந்து அனுமந்தன்பட்டி நிறுத்தத்தில் இங்கிலீஷ் பேப்பர் வாங்கினார். சின்னமனூர் வருவதற்குள் படித்து முடித்திருப்பார். அந்த அம்மா ஏறியதும், இன்ன இடத்தில் சுட்டிருக்கிறார்கள், இத்தனை பேருக்குக் காயம், உங்கள் மகன் இருக்கிற பக்கத்தின் பெயர் இதில் வரவில்லை என்று வரிசையாகச் சொல்லுவார். ஆறுதலாக ஒரு சொல் சேர்க்க மாட்டார். மோசமான செய்தி வந்த அன்று மோசம் என்றே சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே வெளியே திராட்சைப் பந்தல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் திரும்பி, செவலை எப்படியிருக்கு என்பார்.

நான் அக்காவிடம் அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாக இரவல் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஓடும். அவர் ஐந்தாவது பாகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் நாலாவதில் இருந்தேன். வண்டியில் செவலை பறந்துகொண்டிருந்தது. ஆனால் கதையில் முன்பிருந்த வேகம் போயிருந்தது. செவலை தின்றது, தூங்கியது, நிலா வெளிச்சத்தில் ஏரியில் தண்ணீர் குடித்தது. பின்சீட்டுப் பெண் எனக்கு மட்டும் கேட்கும்படி, சண்டைக்குப் போன டிராகன் மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி ஆகிவிட்டதே என்றாள். சின்னமனூர் அம்மா மட்டும் அதற்கும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் நாலாவது பாகத்தின் நடுப்பகுதியைப் படித்தேன். செவலை செத்துப்போயிருந்தது.

இரண்டு முறை படித்தேன், இங்கிலீஷைத் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று. தப்பில்லை. மறுநாள் தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அக்காவின் கூடவே லேப் வரைக்கும் நடந்தேன். கேட்டேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"ஆமா, செத்துருச்சு. நான்தான் சொல்லல."

கொஞ்ச தூரம் போனபிறகு தானாகவே சொன்னார். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் அன்று வண்டி ஏறினாராம். உள்ளபடி சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாராம். "அந்தம்மா வந்து ஒக்காந்துச்சு. பேப்பர்ல என்ன போட்டுருக்கான்னு கேட்டுச்சு, சொன்னேன். அந்த வாய் மூடல, செவலைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுச்சு. ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டா நான் என்ன செய்ய? நல்லாருக்குன்னு வாய் சொல்லிருச்சு."

அதனால் என்ன அக்கா, கதைதானே என்றேன் நான். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ அழுக்கை மிதித்துக்கொண்டு வந்து நிற்பது போல எனக்கே தோன்றியது. அது கதைதான், ஆனால் உள்ளபடி சொல்லுவேன் என்று சொன்னது கதையில்லை என்றார். லேப் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்னொன்றும் சொன்னார். தினமும் காலையில் எழுந்ததும் இன்றைக்குச் செவலை என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறதாம். தனக்கு ஒன்றுமே தோன்றவில்லையாம். அதனால்தான் அதைத் தூங்கவைத்துக்கொண்டே இருக்கிறாராம். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எல்லையில் மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. ஒரு நாள் அந்த அம்மா வண்டியில் ஏறும்போதே முகம் வேறாக இருந்தது. மகன் போனில் பேசிவிட்டான். அடுத்த மாதம் லீவில் வந்தும் சேர்ந்தான். அவன் வந்த மறுநாள் அந்த அம்மா எல்லாருக்கும் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா தன் பங்கைக் கையில் வாங்கினார், ஆனால் கடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம், நான் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து, செவலை செத்து வெகுநாளாகிறது, நாலாவது புத்தகத்திலேயே செத்துப்போனது, அதற்கப்புறம் நான் சொன்னதெல்லாம் நானாகச் சேர்த்தது என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா அழுவார் என்று நான் நினைத்தேன். அழவில்லை. அதிரசப் பாத்திரத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்ப பேப்பர்ல படிச்சுச் சொன்னியே, அது?"

"அது உள்ளபடி. ஒரு எழுத்துக்கூட மாத்தல."

"அத நான் எப்படி நம்புறது?" என்றார் அந்த அம்மா. "எம்மகனுக்கு ஒண்ணு ஆயிருந்தாலும் நல்லாருக்கான்னுதானே சொல்லிருப்பே. நான் ஒன்ன நம்பி ராத்திரியெல்லாம் படுத்துத் தூங்குனேன்."

எழுந்து முன்னால் போய், டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

வண்டியில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. நல்லதுக்குத்தானே மறைத்தார் என்றார்கள் சிலர். இந்தப் பெண் எங்களிடம் மட்டும் கழுத்து, தாடை என்று உள்ளதையெல்லாம் சொன்னாளே என்றார்கள் சிலர். அக்கா எந்தப் பக்கமும் பேசவில்லை. அந்த நாட்களின் பேப்பர்கள் வீட்டில் கிடக்குமே, கொண்டுவந்து அந்த அம்மாவிடம் காட்டுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். படிச்சுச் சொல்ல மறுபடியும் நான்தானே வேணும் என்றார்.

எனக்கு வருத்தமாக இருந்தது வேறொன்று. அவர் மாறிக்கொண்டிருந்தார். புது ஜாக்கெட்டைக் காட்டி ஒருத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். தோள்பட்டையில் தையல் கோணலாக இருந்தது எனக்கே தெரிந்தது. லேபிலும் யாராவது முகத்தைப் பார்த்து நின்றால், டாக்டர் சொல்லுவார் என்று சொல்லி அனுப்பிவிடுவதாக, அங்கே வேலை செய்த பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள். முதலாளிக்குச் சந்தோஷமாம். இனி உள்ளதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவரே முடிவு கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. புத்தகத்தைப் பையில் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டார். சின்னமனூர் வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அந்த அம்மா இவர் பக்கம் பார்க்காமலே முன்சீட்டுக்குப் போய்விடுவார்.

லீவு முடிந்து மகன் திரும்பிப் போனான். மதுரை ஸ்டேஷன் வரைக்கும் போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தாராம் அந்த அம்மா. அதற்கு அடுத்த நாள் காலையில் வண்டியில் ஏறினார். முன்சீட்டு காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டி வந்தார். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். உட்கார்ந்தார். கண் வீங்கியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடியே பேசினார்.

"அவன் போயிட்டான். இனிமே திரும்பவும் ஒன்கிட்டதான் வரணும். வேற யாரு இருக்கா எனக்குச் சொல்ல?"

அக்கா பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"செவலை எப்படிச் செத்துச்சுன்னு சொல்லு. ஒண்ணையும் விடாத. அத நீ என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டீன்னா, இனி நீ சொல்றத நான் நம்புவேன்."

அக்கா பைக்குள் கையை விட்டார். புத்தகம் இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாவின் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

அடிபட்டவர்கள் ஆறேழு பேரை முதுகில் கட்டிக்கொண்டு செவலை கணவாயைத் தாண்டியபோது கீழேயிருந்து வந்த குண்டு வயிற்றில் பட்டது. கூடப் போன சிப்பாய், உடனே இறங்கு என்றான். கீழே எதிரிகளின் கூடாரம். அது இறங்கவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் வந்து, பனியில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கி, கட்டுகளை அவிழ்த்து எல்லாரையும் எடுக்கிற வரைக்கும் அசையாமல் நின்றது. கடைசி ஆளை எடுத்தபிறகுதான் படுத்தது. சிப்பாய் அதன் கழுத்தடியில் உட்கார்ந்து, எழுந்திரு எழுந்திரு என்று விடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா ஒன்றையும் விடவில்லை. பனியில் ரத்தம் ஓடி உறைந்ததைச் சொன்னார். முதுகில் வந்தவர்களில் ஒருவன் வழியிலேயே செத்துப்போயிருந்ததையும் சொன்னார். நான் படித்ததில் ஒரு வரிகூடக் குறையவில்லை. இது நிஜம், இது எழுதினவர் சேர்த்தது என்று பிரித்துச் சொல்வதை மட்டும் அன்று அவர் செய்யவில்லை.

வீரபாண்டி போனது. மில் நிறுத்தம் வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். அந்த அம்மா இறங்கவில்லை. கண்ணீர் தாடைக்கு வந்து சொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. கண்டக்டர் எங்கள் பக்கம் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

தேனி பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கினோம். அந்த அம்மா அக்காவின் எதிரில் நின்றார்.

"அதுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும்" என்றார் அக்கா. "ரொம்ப நேரம் வலிச்சிருக்கும்."

அந்த அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "சரி. நாளைக்குப் பேப்பரு வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு, மில் பக்கம் திரும்பிப் போகிற வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.